நானூறும் இருபத்தேழும்

2024 ஜூன் 1, சனிக்கிழமை, மாலை ஆறரை மணி. மக்களவைத் தேர்தலின் ஏழாவது, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து கணிப்புகளை வெளியிடும் தடை நீங்கியதுதான் தாமதம், எல்லாச் செய்திச் சேனல்களிலும் எக்ஸிட் போல் எண்கள் வந்து கொட்டின. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 வரை என்றது ஆக்சிஸ் மை இந்தியா. டுடேஸ் சாணக்யா 400, கூடக்குறைய 15 என்றது. சி-வோட்டர் 353 முதல் 383. ஜன் கி பாத் 362 முதல் 392. கொஞ்சம் அடக்கி வாசித்த தைனிக் பாஸ்கர்கூட 281-இல் தொடங்கி 350 வரை போனது.

திங்களன்று சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. செவ்வாயன்று வாக்குகளை எண்ணினார்கள். 4,390 புள்ளி விழுந்தது. ஒரே நாளில் 31 லட்சம் கோடி ரூபாய் சந்தை மதிப்பு கரைந்தது. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 293, ‘இந்தியா’ கூட்டணிக்கு 234. பாஜக தனியாக 240. பெரும்பான்மைக்கு வேண்டியது 272. ஆக்சிஸ் மை இந்தியாவின் தலைவர் பிரதீப் குப்தா நேரலையிலேயே அழுதுவிட்டார். அன்று சாயங்காலம் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது அந்தக் காட்சிதான்.

நான் அன்றிரவு பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து வேறொன்றைத் தேடி எடுத்தேன். ஏப்ரல் இரண்டாவது வாரம், ஒரு வாக்குகூடப் பதிவாகாத நேரத்தில், டெல்லி ஆய்வு நிறுவனமான லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் வெளியிட்ட கருத்துக்கணிப்பு. அதில் ஓர் அட்டவணை. இந்தத் தேர்தலில் வாக்களிக்கும்போது உங்களுக்கு மிக முக்கியமான பிரச்சினை எது என்று கேட்டிருந்தார்கள். வேலையின்மை என்றவர்கள் 27 சதவீதம். விலைவாசி 23. வளர்ச்சி 13. ஊழல் 8. ராமர் கோவிலும் 8. இந்துத்துவம் 2.

ராமர் கோவில் 8 என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அயோத்தியில் கோவில் திறந்தது 2024 ஜனவரி 22. மூன்று மாதம் தொலைக்காட்சியில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. அதே அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியில் சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாத் 54,567 வாக்கு வித்தியாசத்தில் பாஜகவைத் தோற்கடித்திருந்தார்.

நானூறு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இருபத்தேழை யாரும் நினைவில் வைக்கவில்லை. ஒரே தேர்தலில் ஒரு வகைக் கணிப்பு இப்படிக் கவிழ்ந்ததும், இன்னொரு வகைக் கணிப்பின் ஓரத்து அட்டவணை நின்றதும் ஏன் என்பதுதான் எனக்கு இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி.

ஒரே பெயர், இரண்டு சரக்கு

முதல் குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வந்து கேட்பதையும் கருத்துக்கணிப்பு என்கிறோம்; வாக்களித்துவிட்டு வந்தவரிடம் ‘யாருக்குப் போட்டீங்க’ என்று கேட்டுச் சீட்டுக் கணக்குப் போடுவதையும் கருத்துக்கணிப்பு என்கிறோம். இரண்டாவதில் கருத்து எங்கே இருக்கிறது? அது வெறும் வாக்குக் கணிப்பு. ‘எக்ஸிட் போல்’ என்று சேனல்காரர்கள் சொல்வது குறைந்தபட்சம் நேர்மையான பெயர்.

அந்த எக்ஸிட் போலுக்குச் சட்டத்திலேயே ஒரு பூட்டு உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவின்படி கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை வெளியிடக்கூடாது. மீறினால் இரண்டு வருடம்வரை சிறை. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தது ஏப்ரல் 19. நம்மிடம் கேட்டு வாங்கிய பதில் ஜூன் 1 வரை பெட்டிக்குள் கிடந்தது. ஆறு வாரம் பூட்டி வைத்த சரக்கை அரை மணி நேரத்தில் விற்றாக வேண்டும் என்றால் எதை விற்பார்கள்? எண்ணைத்தான். ‘வேலையின்மை 27 சதவீதம்’ என்பதை வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க எட்டுப் பேர் கத்த முடியாது. ‘நானூறு’ என்றால் முடியும்.

அந்த நானூறும் கணிப்பாளர்கள் கண்டுபிடித்த எண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஏற்கெனவே பாஜகவின் தேர்தல் முழக்கம்: இந்த முறை நானூறைத் தாண்டுவோம். மாதக்கணக்கில் ஒரு எண்ணைக் காதில் போட்டுக்கொண்டே இருந்தால், கணக்குப் போடுகிறவர் மூளை அதன் பக்கத்தில் போய் நிற்கும். 320 என்று வந்தால் ‘எங்கேயோ தப்பு’ என்று திரும்பப் பார்ப்பார். 380 என்று வந்தால் திரும்பப் பார்க்கமாட்டார். இது என் சந்தேகம்தான், ஆனால் இத்தனை நிறுவனங்கள் தனித்தனியாகக் களத்துக்குப் போய் ஒரே திசையில் ஒரே அளவுக்குத் தவறியதற்கு வேறு எளிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாத்தூர் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

2024 மார்ச் கடைசியில் நானும் இந்த வேலையைக் கொஞ்சம் செய்து பார்த்தேன். கல்லூரியில் அரசியல் அறிவியல் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர் தன் மாணவர்களை வைத்து விருதுநகர் மாவட்டத்தில் சின்னதாக ஒரு கள ஆய்வு நடத்தினார். ஒரு பையனுக்கு அம்மை போட்டுவிட்டதால் அவனுடைய கிராமம் என் தலையில் விழுந்தது. சாத்தூரிலிருந்து உள்ளே போக வேண்டிய ஊர். கையில் வாக்காளர் பட்டியல், அதில் குறிவைத்த பெயர்கள். எதிரே வருகிறவரைப் பிடித்துக் கேட்கக் கூடாது. பட்டியலில் இருக்கிற ஆளைத் தேடிப்போய்த்தான் கேட்க வேண்டும். வெயிலில் இதுதான் பெரிய பாடு. டீக்கடையில் நான்கு பேர் பேசத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் நமக்கு வேண்டியவர் கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார்.

அந்த விதி எவ்வளவு முக்கியம் என்பது நாலாவது வீட்டில் புரிந்தது. தொகுப்பு வீடு. வாசலில் முறத்தில் ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பயர் ஆபீஸில் வேலை. சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைக்கு அதுதான் பெயர். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார்.

“அவரு வெளிய போயிருக்காரு தம்பி. அவரு வந்தா கேளுங்க.”

“உங்க பேருதான்க்கா வந்திருக்கு. உங்களைத்தான் கேக்கணும்.”

முறத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பட்டியலில் தன் பெயரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அப்புறம்தான் திண்ணையில் இடம் கொடுத்தார்.

யாருக்கு வாக்களிப்பீர்கள் என்ற கேள்வி தாளில் முன்னாலேயே வந்தது. “அதெல்லாம் அன்னைக்குப் பாத்துக்கலாம் தம்பி” என்று ஒரே வரியில் கதவை மூடிவிட்டார். கட்சிக் கேள்விகள் ஏழெட்டுக்கும் அதே கதை: தெரியல, சொல்ல முடியல, நீங்களே எதையாவது போட்டுக்கங்க.

கேஸ் சிலிண்டர் விலை பற்றிய கேள்வி வந்ததும் ஆளே மாறிப்போனார். “ஆயிரத்து நூறு வித்துச்சு தம்பி. இப்ப எண்ணூத்துச் சொச்சம். தூக்கிட்டு வர்ற பையனுக்கு அம்பது. குறைச்சிட்டோம் குறைச்சிட்டோம்னா, ஏத்தினது யாரு?” ஒரு சிலிண்டரை எத்தனை நாள் ஓட்டுகிறார், வெந்நீருக்கு மட்டும் எப்போது விறகு அடுப்பு, பருப்பு என்ன விலை, போன தீபாவளிக்குப் போனஸ் எவ்வளவு, அதில் வட்டிக்காரருக்கு எவ்வளவு என்று இருபது நிமிடம் பேசினார். எல்லாவற்றையும் எழுத என் தாளில் கட்டங்கள் இல்லை.

பிறகு தாளில் இருந்த இரண்டு கேள்விகளைக் கேட்டேன். ஐந்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட உங்கள் வாழ்க்கை மேம்பட்டிருக்கிறதா?

கொஞ்சம் யோசித்தார். “மேம்பட்டிருக்குன்னே போடுங்க. அரிசி சும்மா வருது. மாசம் ஆயிரம் ரூவா வருது. எங்கம்மா காலத்துல அரிசிக்கே பாடுதானே.”

வேலை கிடைப்பது?

“எம்மவன் பி.இ. முடிச்சு மூணு வருசம் ஆச்சு. மெட்ராஸ்ல வீட்டு வீட்டுக்குச் சோறு கொண்டு போய்க் குடுக்கான். இது கிடைச்ச கணக்கா, கிடைக்காத கணக்கா? நீங்களே சொல்லுங்க.”

இரண்டு வாரம் கழித்து லோக்நிதியின் அட்டவணைகள் வந்தபோது அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. வாழ்க்கைத் தரம் உயர்ந்திருக்கிறது என்றவர்கள் 48 சதவீதம். சரிந்திருக்கிறது என்றவர்கள் 35. அதே மக்களில் 62 சதவீதம் பேர் வேலை கிடைப்பது முன்னைவிடக் கஷ்டம் என்றார்கள்; எளிது என்றவர்கள் 12 சதவீதம்தான். விலைவாசி ஏறிவிட்டது என்றவர்கள் 71 சதவீதம், ஏழைகளிடம் 76. டெல்லியில் சிலர் இதை முரண்பாடு என்று எழுதினார்கள். அந்த அக்காவுக்கு அதில் முரண்பாடே இல்லை. அரிசி வருகிறது, மகனுக்கு வேலை இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நாளில் நடக்கிறது. மத்திய அரசின் இலவச ரேஷன் ஏறத்தாழ 80 கோடிப் பேருக்குப் போகிற நாட்டில் இப்படிப்பட்ட வீடுகள்தான் அதிகம் இருக்கும்.

வடக்கில் அந்த மகன்களின் கதை இன்னும் கடுமை. 2024 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தில் போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வு நடந்தது. 60,244 பணியிடத்துக்கு விண்ணப்பித்தவர்கள் 48 லட்சம் பேர். கேள்வித்தாள் கசிந்துவிட்டதாகப் புகார் கிளம்ப, ஒரே வாரத்தில் தேர்வை ரத்து செய்தார்கள். தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. 48 லட்சம் விண்ணப்பம் என்றால் எத்தனை அம்மாக்கள், எத்தனை அப்பாக்கள், அடகு வைத்த எத்தனை நகை என்று கணக்குப் போட்டால் அந்த 27 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

அந்தக் கணிப்பும் தவறிய இடம்

லோக்நிதியைத் தூக்கிப் பிடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அதே ஏப்ரல் கணிப்பில் வாக்குச் சதவீதமும் கொடுத்திருந்தார்கள். தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 46, ‘இந்தியா’ கூட்டணிக்கு 34; பன்னிரண்டு புள்ளி இடைவெளி. முடிவில் ஒன்று ஏறத்தாழ 43, இன்னொன்று 41-ஐ ஒட்டி. காங்கிரஸுக்கு 21 என்றது அப்படியே வந்தது. பாஜகவுக்கு 40 என்றது 36.56 ஆக இறங்கியது. எதிர்க்கட்சிகளின் கூட்டாளிகளைக் கணிப்பு குறைத்து மதிப்பிட்டது. ஏப்ரல் முதல் வாரத்துக்கும் ஜூன் 1-க்கும் நடுவே மனம் மாறியவர்களும் இருப்பார்கள்.

ஆக, ஒரே தாள், ஒரே 10,019 பேர், 19 மாநிலம். விலைவாசிக் கேள்விக்கு வந்த பதில் நிற்கிறது, வாக்குக் கேள்விக்கு வந்த பதில் நழுவுகிறது. காரணம் ஆட்களில் இல்லை. சிலிண்டர் விலை ஏறியதா என்று கேட்டால் பதில் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று. அவர் கையால் கொடுத்த காசு. அதில் பொய் சொல்ல அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை, எந்தப் பயமும் இல்லை. யாருக்கு வாக்களிப்பீர்கள் என்பது இனி நடக்கப்போவது. அதிலும் அதைக் கேட்கிறவர் யார், எழுதிக்கொண்டு போய் யாரிடம் கொடுப்பார் என்று அவருக்குத் தெரியாது. லோக்நிதிக்காரர்கள் இதற்காகவே மாதிரி வாக்குச்சீட்டும் ஒரு பெட்டியும் கொண்டு போவார்கள். சின்னத்தில் குறியிட்டு மடித்துப் போட்டுவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் பேசத் தயங்குகிறவரின் தயக்கம் பெட்டியோடு முழுக்கத் தீர்ந்துவிடாது.

குறிப்பாக உத்தரப் பிரதேசத்தில் தீரவில்லை. அங்கே ஆக்சிஸ் ‘இந்தியா’ கூட்டணிக்குக் கொடுத்தது 8 முதல் 12 இடம். கிடைத்தது 43. நானூறு இடம் கேட்பது அரசியல் சட்டத்தை மாற்றத்தான், இடஒதுக்கீடு போய்விடும் என்ற பேச்சு தலித் குடியிருப்புகளில் வாய்வழியாகப் பரவியது. அப்படி ஒரு முடிவை எடுத்தவர், மைக்கும் டேப்லெட்டும் பிடித்து வருகிற வெளியூர் ஆளிடம் அதைச் சொல்வாரா? ஆட்சியில் இருப்பவர் பெயரைச் சொல்லிவிட்டு அனுப்பிவைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. சாத்தூர் அக்கா ‘அன்னைக்குப் பாத்துக்கலாம்’ என்றாராவது. அங்கே அந்த இடத்தில் ஒரு பெயரே பதிவாகியிருக்கும்.

‘ஆனால் ஆக்சிஸ் 5.8 லட்சம் பேரிடம் கேட்டதே’ என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் எண்ணிக்கைதான் சாட்சி. 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, ஏறத்தாழ 24 லட்சம் பதில் வாங்கி, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வாரிக்கொண்டு போனார். தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் முகவரி எடுத்தால், பொருளாதாரப் பெருமந்தத்தில் அடிபட்டவர் எப்படி அதில் இருப்பார்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது நன்றாகக் கிண்டிய பானைக்குத்தான் பொருந்தும். அடிப்பிடித்திருந்தால் மேலிருந்து எத்தனை கைப்பிடி எடுத்தாலும் தெரியாது. வாக்காளர் பட்டியலை வைத்துப் பெயரைக் குறிப்பது, புருஷன் பதில் சொல்ல விடாமல் பெண்டாட்டியைத் தேடிப்போய்க் கேட்பது எல்லாம் அந்தக் கிண்டுகிற வேலை.

சதவீதத்திலிருந்து சீட்டுக்கு

சீட்டுக் கணக்கில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, அது மக்கள் உண்மையே பேசினாலும் விழ வைக்கும் பள்ளம்.

2019-இல் பாஜகவுக்குக் கிடைத்த வாக்கு 37.36 சதவீதம், இடம் 303. 2024-இல் 36.56 சதவீதம், இடம் 240. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை, 63 இடம் போய்விட்டது. தெற்கிலும் கிழக்கிலும் சில இடங்களில் வாக்கு கூடி, உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 50-இலிருந்து 41-க்கு இறங்கியதால் மொத்தத்தில் சமமானது போலத் தெரிகிறது. கூடிய இடத்தில் எல்லாம் அதற்கேற்பச் சீட்டு வரவில்லை. இறங்கிய உத்தரப் பிரதேசத்தில் 62 சீட்டு 33 ஆனது.

இது நமக்குப் புதிதில்லை. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக அணி ஏறத்தாழ 23 சதவீதம், பாஜக அணி 18 சதவீதம் வாங்கின. சேர்த்தால் 41. இடம்? பூஜ்யம். 47 சதவீதம் வாங்கிய திமுக அணிக்கு 39-க்கு 39. பாஜக அணிக்கு இங்கே 2 முதல் 4 இடம் என்றது ஆக்சிஸ். வாக்கு அவர்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு; ஆனால் மூன்று அணியாகப் பிரிந்த களத்தில் அந்தக் கொஞ்சத்துக்கு அர்த்தமே இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தல் இன்னும் கூர்மையான உதாரணம். அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதம் 134-க்கும் 98-க்கும் நடுவே நின்றது. அன்று ஆக்சிஸ் திமுக அணிக்கு 124 முதல் 140 என்றது. சி-வோட்டர் அதிமுகவுக்கு 139 என்று சொல்லிக் கெட்டிக்காரப் பெயர் வாங்கியது. 2024-இல் அதே சி-வோட்டர் எங்கே நின்றது என்பதை மேலே பார்த்தோம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஊர் அடங்கிய விருதுநகர் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவான வாக்கு பத்து லட்சத்துக்கு மேல். காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், தேமுதிகவின் விஜய பிரபாகரனை ஜெயித்தது 4,379 வாக்கில். அரை சதவீதம்கூட இல்லை. ஆக்சிஸின் 5.8 லட்சத்தை 543 தொகுதிக்குப் பகிர்ந்தால் ஒரு தொகுதிக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் மூன்று சதவீதம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடும். மூன்று சதவீதம் ஆடுகிற தராசில் அரை சதவீதத்தை நிறுக்க முடியாது. ஆனால் அந்த இடத்தில் ஏதாவது ஒரு கட்சியின் பெயரை எழுதித்தானே ஆக வேண்டும்.

இதே தராசில் ‘வேலை கிடைப்பது கஷ்டமா’ என்று நிறுத்தால் மூன்று சதவீத ஆட்டம் ஒன்றுமே இல்லை. 59 ஆனாலும் 65 ஆனாலும் செய்தி அதேதான்.

எல்லாக் கருத்துக் கேள்வியும் ஒன்றல்ல

சிலிண்டர் கேள்வி நம்பகமானது என்பதால் எல்லா மனப்பான்மைக் கேள்விகளையும் அப்படியே நம்பலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஏப்ரல் கணிப்பில், இந்தியா எல்லா மதத்தவருக்கும் சமமாகச் சொந்தமானது என்று 79 சதவீதம் பேர் சொன்னார்கள். படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் இது காசு கொடுத்து அனுபவித்த விஷயம் அல்ல. சபையில் சொல்லத் தகுந்த பதில் எது என்று எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. அந்த 79-இல் எத்தனை பேர் தெருவில் வேற்று மதத்துக்காரருக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பார்கள் என்று தனியாகக் கேட்டால்தான் தெரியும்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019 முதல் 2021 வரை நடந்தது. கணவன் மனைவியை அடிப்பது சரியா என்று ஏழு சூழல்களைச் சொல்லிக் கேட்டார்கள்: சொல்லாமல் வெளியே போனால், சமையல் சரியில்லை என்றால், எதிர்த்துப் பேசினால், மாமனார் மாமியாரை மதிக்கவில்லை என்றால், இப்படி. ஒன்றுக்காவது சரி என்ற பெண்கள் 45 சதவீதம். ஆண்கள் 44. பெண்கள் ஒரு புள்ளி கூடுதல்! ‘மழுப்பியிருப்பார்கள்’ என்று இங்கே சொல்லவே முடியாது. மறைக்க வேண்டியது என்று நினைத்திருந்தால்தானே மறைப்பார்கள். வெட்கப்பட வேண்டிய பதில் என்று எது அந்த வீட்டில் இன்னும் ஆகவில்லையோ, அது தாளில் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு இந்த அட்டவணை எந்தத் தேர்தல் கணிப்பையும்விடப் பயங்கரமானது.

எனவே ஒரு கணிப்பு கையில் கிடைத்தால் இப்போதெல்லாம் நான் பின்னாலிருந்து படிக்கிறேன். கடைசிப் பக்கத்தில் விலை, தண்ணீர், வேலை, கடன், மருத்துவச் செலவு. அதற்கு முன்னால் நம்பிக்கை, மதம், சாதி, பெண். அதற்கும் முன்னால் வாக்கு. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் சீட்டு. பத்திரிகைக்காரர்கள் அடுக்குகிற வரிசைக்கு நம்பகத்தின் வரிசை நேர் தலைகீழ்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாழ்க்கை அட்டவணையை வைத்து முடிவைச் சொல்லிவிட முடியாது. வேலையில்லை என்று சொன்னவர்களிடம் யார் பொறுப்பு என்று கேட்டபோது, மத்திய அரசும் மாநில அரசும் இரண்டும்தான் என்றவர்கள் பாதிக்கு மேல். கோபம் இருந்தது, ஆனால் அது ஒரே வாசலுக்குப் போகவில்லை. பாஜக ஆட்சியும் போகவில்லை, கூட்டாளிகளின் தோளில்தான் நின்றது. நான்கு மாதம் கழித்து ஹரியானாவில் எக்ஸிட் போல்கள் காங்கிரஸ் வெற்றி என்றன. 90-இல் 48 வாங்கி பாஜக ஜெயித்தது. கணிப்பாளர்கள் ஒரு கட்சிக்கு விலை போய்விட்டார்கள் என்று ஜூனில் சத்தியம் செய்தவர்கள் அக்டோபரில் அதே சத்தியத்தை மறுபக்கத்திலிருந்து கேட்டார்கள்.

சாத்தூர்த் திண்ணையில் நான் எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி பாக்கி இருந்தது. தாளின் கடைசி வரி: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அக்கா முறத்தைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“காலைல ஏழு மணி பஸ்ஸ நிறுத்திட்டாக தம்பி. பொம்பளைக்கு ஓசிதான், இல்லைங்கல. வந்தாத்தானே ஏற முடியும்? பயர் ஆபீஸுக்கு லேட்டா போனா அரை நாள் கூலி. ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூவா. அதை எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டேன். சாயங்காலம் நண்பர் வீட்டில் உட்கார்ந்து பதில்களையெல்லாம் எண்களாக மாற்றினோம். வேலையின்மைக்கு 1, விலைவாசிக்கு 2, தண்ணீருக்கு 5. குறியீட்டுத் தாளை மேலும் கீழும் பார்த்தேன். ஏழு மணி பஸ்ஸுக்கு எண் இல்லை. 98 என்று போட்டேன். 98 என்றால் ‘மற்றவை’.